வாய் சாய்ந்த தும்பை

பிறந்த இரண்டு குழந்தைகளையும் பத்து நாள் தாண்டுவதற்குள் மண்ணுக்குக் கொடுத்தவர்கள் நாங்கள். மூன்றாவது முறை நாலாம் மாதமே மனைவி கோவிந்தாபுரத்துத் தாய்வீட்டுக்குப் போனபோது, பிரசவம் வரை திங்கட்கிழமைதோறும் சிவனுக்குத் தும்பைப்பூ வைப்பதாக வேண்டிக்கொண்டேன். எனக்கு மூணாற்றில் தேயிலை ஆலை வேலை. தொழிலாளர் குடியிருப்பு லயத்து அறையில் சாமி படமும் நானும்தான்.

தோட்டத்தோரம் தும்பை நிறைய இருந்தது. பூ அதே வெள்ளைதான். ஆனால் இலையெல்லாம் ரோமம். எங்கள் வயல் தும்பையில் பூவைத் தாங்கும் பச்சைக் கிண்ணத்தின் வாய் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இதில் நேராக, பல் பல்லாக இருந்தது. மனசு உறுத்தியது. இருந்தும் பறித்து வைத்தேன்.

பக்கத்து அறையில் குடியிருந்த, கொழுந்து கிள்ளும் திருநெல்வேலி அம்மாள் ஒருநாள் என் தட்டைப் பார்த்துச் சிரித்தார்.

“அண்ணாச்சி, இது தும்பையா? பேய்த்தும்பைல்லா!”

“குளிருக்குக் கம்பளி போத்தியிருக்குதுங்க, அவ்வளவுதான்.”

“அப்போ நாலு வருசத்துல நீங்களும் ஒடம்பெல்லாம் முடி மொளச்சுக் கரடியா ஆயிருவியளோ?”

நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு அந்தப் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குளிரில் மாறியதா, பிறவியிலேயே வேறா? வேறென்றால் என் வேண்டுதல் என்னாவது?

ஊர் விதையை இங்கே போட்டால் தெரிந்துவிடும் என்று தோன்றியது. வயல் தும்பையின் காய்ந்த தலைகளை அனுப்பச் சொல்லி வீட்டுக்கு எழுதினேன்; காரணம் எழுதவில்லை. துணியில் முடிந்து வந்தது. உடைந்த சட்டியில் விதைத்துக் கூரையோரம் வைத்தேன். ஆலை விட்டு வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்துகொள்வேன். பேச வேறு யார் இருந்தார்கள்?

ஆவணியில் சாண் உயரத்தில் குறுகிப் பூத்தது. ஒரு கிண்ணத்தைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்தேன். வாய் சாய்ந்திருந்தது. அதே குளிர், அதே மழை. இலையில் கம்பளி இல்லை.

சட்டியில் ஆறு பூ இருந்தது. ஆறையும் வைத்தேன்; அடுத்த திங்கட்கிழமைகளிலும் சட்டிப் பூதான். ‘தெரியாமல் செய்துவிட்டேன் அப்பனே’ என்று சொல்ல நா எழவில்லை. முதல் வாரமே தெரிந்ததுதானே.

ஐப்பசியில் பெண் பிறந்தது. பத்து நாளும் தாண்டியது. ஊருக்குப் போனேன். மனைவி கேட்டாள்:

“ஏனுங்க, திங்கக்கெழமை தவறாமெ தும்பைப்பூ வெச்சீங்களா?”

“வெச்சேன்.”

“அதானுங்க, சாமி நம்மளெக் கைவிடலெ.”

குழந்தையை அணைத்துக்கொண்டு நிம்மதியாகக் கண்ணை மூடினாள். அந்த நிம்மதியைக் கலைக்க மனம் வரவில்லை. இத்தனை வருஷமாகியும் சொல்லவில்லை. திங்கட்கிழமைப் பூசையில் அவள் பக்கத்தில்தான் கைகூப்பி நிற்கிறாள். நான் தனியாக நிற்கிறேன்.