பஸ் இரைச்சலிலும் ஜெனிக்குக் கேட்டுவிட்டது

இன்று வேலூரில் டாக்டரைப் பார்த்துவிட்டு ஆரணி பஸ்ஸில் திரும்பினோம். சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை. அதனால் உடனே எழுதிவிடுகிறேன்.

என் மகள் ஜெனிக்கு ஆறு வயது. வாயைத் திறந்தபடியேதான் தூங்குவாள், குறட்டையும் விடுவாள். "கூப்ட்டா திரும்பியே பாக்க மாட்றா" என்று டீச்சர் சொன்னபோது, திமிர் என்று நினைத்து நானும் திட்டியிருக்கிறேன்.

அது திமிரில்லை. மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை பெருத்து, காதுக்குள் நீர் கோத்திருந்தது. சில மாதங்கள் மூக்கில் ஸ்பிரே அடித்தும் குறையவில்லை. போன மாதம் ஆபரேஷன் செய்து சதையையும் நீரையும் எடுத்தார்கள்.

இன்று டாக்டர், "காது நல்லா ஆயிடுச்சும்மா" என்றார். எனக்குத்தான் முழு நம்பிக்கை வரவில்லை.

பஸ்ஸில் ஜெனி எங்களுக்கு முன் சீட்டில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என் கணவர் என் காதோரம் குனிந்து, "பாப்பாவ வீட்ல வுட்டுட்டு நாம மட்டும் பிரியாணி சாப்ட்டு வரலாமா?" என்று கிசுகிசுத்தார்.

ஜெனி திரும்பினாள். "நானும் வருவேன். எனக்கு லெக் பீஸ்."

நான் அழுதுவிட்டேன். டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த கண்டக்டர், "இன்னாமா ஆச்சு?" என்று பதறினார்.

"ஒண்ணுமில்லீங்க. பாப்பாவுக்குக் காது கேக்குது" என்றார் கணவர்.

"நல்ல விஷயந்தான? அதுக்கு ஏம்மா அழுதுகினு கீறீங்க?"

மூவருமாகத்தான் பிரியாணி சாப்பிட்டோம்.

காது நன்றாகக் கேட்கிற பிள்ளைகளைப் பெற்றவர்களே, ரகசியமெல்லாம் நீங்கள் எங்கே போய்ப் பேசுகிறீர்கள்?