பூட்டியிருந்த மேல் வீடு

அம்பிட்டியவில் ஒரு மலைச்சரிவில் குடியிருந்தோம். போன மழையில், ஒரு காலை, முன்பின் தெரியாத ஒருவர் எங்கள் கதவைத் தட்டினார். பஸ் ஓடாததால் நடந்து போய்க்கொண்டிருந்தவர்.

"மேல மண்ணு வெடிச்சிருக்கு. பிள்ளைகளத் தூக்கிட்டு ஓடுங்க. நான் மேல் வீட்டுலயும் சொல்லிட்டு வாரேன்" என்றார்.

மேல் வீட்டார் முதல்நாளே பூட்டிவிட்டு உறவினரிடம் போயிருந்தார்கள். இருந்த அவசரத்தில் அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பாதைக்கு வந்தபோது அவர் தட்டும் சத்தம் கேட்டது. "அங்க ஆள் இல்லைங்க" என்று கத்தினேன். மழையில் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு வீடுகளும் மண்ணுக்குள் போயின. அவரை மறுநாள்தான் தோண்டி எடுத்தார்கள்.

இப்போதைய வாடகை வீடும் சரிவில்தான். மழைக்கு வெளியேறினால் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டே போகிறேன். கள்வன் வந்தால் வரட்டும். ஆளில்லாத வீட்டைத் தட்டிக்கொண்டு இனி யாரும் நிற்கக்கூடாது.