பேச்சுக் கொடுக்காத எட்டு மாதங்கள்

என் முதல் கரு பத்தாவது வாரத்தில் கலைந்துபோனது. அதற்குச் சில நாள் முன்பே வாந்தி நின்றிருந்தது. உடம்பு தேறிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டிருந்தேன். அதனால் இரண்டாவது முறை, ஒன்பதாவது வாரத்தில் ஒரு காலை குமட்டாமல் இட்லி உள்ளே இறங்கியபோது பயந்துபோய் மிச்சத்தைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

"வாந்தி நின்னா நல்லதுதானே?" என்றார் கணவர். திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறார். கிளம்பி நின்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தார்.

ஸ்கேன் அறையில் இதயத் துடிப்பு கேட்டது. ஏதோ அவசரத்தில் இருப்பதுபோல அத்தனை வேகம். அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. இன்றைக்கு இருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் முடியும்வரை மாமியாருக்குக்கூடச் சொல்லவில்லை. நாலாம் மாதத்திலிருந்து நன்றாக இருக்கும், பசி எடுக்கும் என்றார்கள். எடுத்தது. நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளியில் மத்தியானம் மணி அடிப்பதற்குள் டிபன் பாக்ஸ் காலியாகிவிடும். ஐந்தாம் மாத ஸ்கேன் பார்த்த டாக்டர்தான் நிதானமாகச் சொன்னார்.

"நஞ்சுக்கொடி ரொம்பக் கீழ இருக்கும்மா. கர்ப்பப்பை பெரிசாகும்போது நிறைய பேருக்கு மேல ஏறிடும். ஆனா ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே வந்துடணும்."

அன்றிலிருந்து பாத்ரூம் கதவைத் தாழிடும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு பரீட்சைதான்.

அந்த மாதமே, ஸ்டாஃப் ரூமில் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது, வயிற்றுக்குள் யாரோ விரலால் சுண்டியதுபோல இருந்தது. சிவப்புப் பேனாவை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். "பேசுங்க டீச்சர், அதுக்குக் காது கேட்க ஆரம்பிச்சிடும்" என்றார் பக்கத்து மேஜை டீச்சர். நான் பேசவில்லை. பேசினால் பழகிவிடும். பழகிய பிறகு போய்விட்டால் தாங்க முடியாது என்று தோன்றியது.

ஏழாம் மாதம் லீவு போட்டேன். வளைகாப்பு வேண்டாம் என்றபோது மாமியாருக்குக் கோபம் வந்தது. "நாம சர்ச்சுக்குப் போறவங்கதான். அதுக்காக நம்ம வீட்ல யாருக்கும் வளையல் போடாம இருந்ததில்ல. உன் பயத்துக்கு என் பேரப்புள்ள என்ன பண்ணும்?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் போய்ச் சமாதானம் செய்யவில்லை.

நஞ்சுக்கொடி மேலே ஏறவே இல்லை. முப்பத்து நாலாவது வாரம், காலை பதினோரு மணி. வலியே இல்லாமல் கால் வழியாக ரத்தம் இறங்கியது. வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். "அத்தே" என்று கத்தினேன். வந்து பார்த்தவர், உலர்ந்த புடவை ஒன்றை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடி ஆட்டோ பிடித்தார்.

"பயப்படாத அக்கா, குலுங்காம இட்டுகினு போறேன்" என்றார் ஆட்டோக்காரர். அப்படியும் ஒவ்வொரு வேகத்தடையிலும் எனக்கு உயிர் போய் வந்தது. மாமியார் என் வயிற்றில் கையை வைத்துக் குனிந்து பேசிக்கொண்டே வந்தார்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு. உங்கம்மாவுக்குப் பேச வரல, பயந்து கெடக்கா. நான் பேசறேன், கேக்குதா?"

அப்போதுதான் அழுதேன். அத்தனை மாதத்து அழுகையும் சேர்ந்து வந்தது.

அவசர ஆபரேஷன். பெண் குழந்தை, இரண்டு கிலோகூட இல்லை. நான் கண் விழிப்பதற்குள் அவளை இன்குபேட்டரில் வைத்திருந்தார்கள். மறுநாள் சக்கர நாற்காலியில் கொண்டுபோய்க் காட்டினார்கள். "அம்மா வந்திருக்காங்க பாரு" என்றார் நர்ஸ். மூக்கில் குழாயோடு கிடந்தவளிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "சாரி" என்று மட்டும் சொன்னேன்.

பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இப்போது அவளுக்கு எட்டு மாதம். குப்புற விழுந்து தவழப் பார்க்கிறாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார் டாக்டர். ஆனாலும் மத்தியானம் அவள் அசந்து தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். மாமியார் அதைப் பார்த்துவிடுவார். எழுந்து போய், மூச்சு என் விரலில் தெரியட்டும் என்று ஃபேன் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு வந்து உட்காருவார்.