பெரியம்மா சொன்ன சாட்சி

பருத்திப்பட்டு ஏரி வாய்க்காலில் யார் முதலில் மடை திருப்புவது என்று பெரியவர்கள் போட்ட சண்டையைப் பிள்ளைகளும் போட்டார்கள். பெரியப்பா மகன் மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் பக்கத்துக் கழனிக்காரர் மகன் அங்கேயே செத்துப்போனான். முந்தின நாள்வரை இருவரும் ஒன்றாகக் கெளுத்தி பிடித்தவர்கள். வெள்ளைக்காரன் காலம், போலீஸ் வந்து அண்ணனைக் கூட்டிப்போனது.

எனக்கு அழுகையைவிட ஆராய்ச்சிதான் அதிகம் வந்தது. சின்னக் கைக்குச் சின்ன விலங்கு செய்து வைத்திருப்பார்களா? கழுத்து எட்டாதவனை முக்காலி போட்டுத் தூக்கிலிடுவார்களா? அம்மாவிடம் கேட்டதற்கு முதுகில் ஒன்று வைத்தாள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தான் செய்வது இன்னதென்று புரியும் பக்குவம் இல்லையென்றால் அது குற்றமே ஆகாதாம். அண்ணன் ஏரி உடைந்த வருஷத்துப் பிள்ளை. எப்படிக் கணக்குப் போட்டாலும் பன்னிரண்டு ஆகவில்லை. "அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லும்மா, ஊட்டுக்குக் கூட்டிகினு போயிடலாம்" என்று வக்கீல் பெரியம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஆனால் பெற்றவள் வாயால் பிள்ளையைக் குறைத்துச் சொன்னால் பலித்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கோபத்தில் 'மக்கு' என்று திட்டினால்கூட உடனே வாயில் அடித்துக்கொள்வார்கள்.

செங்கல்பட்டுக் கோர்ட்டில் அண்ணன் விலங்கில்லாமல்தான் நின்றான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். செத்த பையனின் அப்பா ஒரு மூலையில் நின்றிருந்தார். எங்களில் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நீதிபதி இங்கிலீஷில் கேட்டதைக் குமாஸ்தா தமிழில் சொன்னார். "உன் மகனுக்குப் புத்தி எப்படி? நல்லது கெட்டது தெரியுமா?"

பெரியம்மா மகனையே பார்த்தாள். வக்கீல் சொல்லிக்கொடுத்தது வாய்வரை வந்துவிட்டது. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எம்புள்ளைக்கு இன்னா சாமி கொறச்சல்? சூட்டிகையான புள்ள. நல்லது கெட்டது எல்லாம் தெரியும்."

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணனுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. அம்மா தன்னைப் புகழ்ந்து அவன் கேட்டதே இல்லை. அடித்தால் செத்துப்போவான் என்று உனக்குத் தெரியுமா என்று அவனிடம் யாரும் கேட்டதாக நினைவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று இன்றும் யோசிப்பதுண்டு.

குற்றம் செய்த பிள்ளைகளை அடைத்துவைக்கும் பள்ளியில் பதினெட்டு வயதுவரை இருக்கட்டும் என்று தீர்ப்பாயிற்று.

திரும்பி வரும்போது ரயிலில் பெரியம்மா பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் போய் ஒட்டி உட்கார்ந்தேன்.

"நீ நல்லா சொன்ன பெரிம்மா. அந்தத் தொரைக்குப் பேச்சே வரல."

அவள் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பிள்ளையை விட்டுவந்த துக்கம் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவனை அங்கே விட்டுவர வைத்தது அவள் வாய்தான் என்று பெரியப்பா அவளிடம் சொல்லிவிட்டிருந்தது எனக்குத் தெரியாது.