இடது கை

கண்ணை மூடிக்கொண்டுதான் கார்க் கதவைத் தடவுவார். இடது கை. விரல்கள் சேர்ந்து, உள்ளங்கை முழுதும் தகட்டில் படிய, முன்னிருந்து பின்னாக ஒரே இழுப்பு. கைக்கும் தகட்டுக்கும் நடுவில் பழைய பருத்தித் துணி ஒன்று இருக்கும். துணி இருந்தால்தான் மேடு பள்ளம் நன்றாகத் தெரியுமாம். ஓர் இடத்தில் கை தயங்கும். பின்னால் வந்து மறுபடியும் போகும். மறுபடியும் தயங்கும். கண்ணைத் திறக்காமலே, காதில் செருகிய சாக்பீஸை வலது கையால் எடுத்து அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் எனக்கு வட்டத்துக்குள் ஒன்றும் தெரிந்ததில்லை.

தெருவில் அவருக்குப் பெயர் டிங்கர்காரர். அடிபட்ட கார்களின் தகட்டை நிமிர்த்திப் பெயின்ட் அடிப்பது தொழில். பட்டறைக்கு மேல் இரண்டு அறைகள். ஒன்றில் அவர், இன்னொன்றில் வாடகைக்கு நான். இப்போது பட்டறையில் நிற்பது பல் டாக்டருடைய வண்டி. இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இருவர் மட்டும் உட்காரலாம். தரையோடு தரையாகக் கிடக்கும். கம்பிச் சக்கரங்களைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்திருக்கிறார். கதவுக்குக் கீழ் இருந்த பட்டையைக் கிளறியபோது துரு பொரிபொரியாகக் கொட்டியது.

"இதைச் செஞ்சவன் ஊர்ல பொழுதுக்கும் மழை. இருந்தும் தண்ணி தேங்குற மாதிரியே செஞ்சு வச்சிருக்கான் பாருங்க, தம்பி. கில்லாடி!"

பட்டைகளை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். மழைக்காலம் முழுக்க அந்த வேலைதான். உதவிக்கு ஆள் கிடையாது. பேச்சுத்துணைக்கும் இல்லை. வண்டியோடு பேசுவார். கழன்று வராத திருகாணியிடம், "வாடி, உன்னை யாரு என்ன பண்ணப் போறா?" என்று அவர் கெஞ்சுவது என் ஜன்னலுக்குக் கேட்கும்.

இடது கையை அவர் வளர்ப்புப் பிராணி போல வைத்திருந்தார். பெயின்ட் கரைக்கிற தின்னரில் நனைக்க மாட்டார். சுத்தியல் தொடாது. சுடுதண்ணீர்ப் பாத்திரம், டீ கிளாஸ் எல்லாம் வலது கைக்கு. "வலது கையில தோல் எங்க இருக்கு? செருப்புக்கு அடிக்கிற சோல்தான் இருக்கு. அது செய்யும். இடதுதான் பாக்கும்." நீளக் கட்டையில் உப்புக் காகிதம் சுற்றித் தேய்த்தால் பள்ளம் தானாகத் தெரியும், மற்றப் பட்டறைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். அவர் அதைக் குருடன் கோல் என்பார்.

அவர் தவிர யாரும் வண்டியைத் தொடக் கூடாது. டாக்டர் வந்தால் முதல் பேச்சே அதுதான்.

"கையைப் பாக்கெட்ல போடுங்க, டாக்டர்."

"நான் உங்க வாய்க்குள்ளயே கையை விட்டிருக்கேன், மாஸ்டர். உங்களுக்கு என் வண்டி கதவைத் தொட விட மனசில்லையா?"

"வாய் என்னுது. போனா போகட்டும். இது பிரைமர், பெயின்டுக்கு அடிப்பூச்சு. உங்க விரல் எண்ணெய் பட்டா பெயின்ட் புட்டுக்கிட்டு வரும்."

"சின்னப் பள்ளம்தானே, பட்டி வச்சு அடைச்சுடுங்களேன்."

"அடைச்சா அஞ்சு வருஷத்துல விழுந்துடும். உங்க வேலை மாதிரி."

டாக்டர் சிரித்துக்கொண்டே வாயை மூடிக்கொள்வார்.

டிங்கர்காரரின் மனைவி மகளோடு இருக்கிறார், வேறு நாட்டில். மகளின் பிரசவத்துக்குப் போனவர். குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். பட்டறை வாசலில் பழைய கார் சீட் ஒன்று கிடக்கிறது. அதில் உட்கார்ந்துதான் பேசுவார்.

"ஏங்க, சாப்ட்டீங்களா?"

"ஆச்சு."

"சுகர் பாத்தீங்களா?"

"பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

பிறகு மகள். "பட்டறையை மூடிட்டு இங்க வந்துடுங்கப்பா. உங்களுக்கு என்ன குறை வைக்கப் போறோம்?"

"அங்க வந்து எதைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்ற?"

போனை வைத்த பிறகுதான் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்துச் சோற்றுக்கு உலை வைப்பார். சுகர் பார்க்கும் கருவி மகள் அனுப்பியது. அலமாரியில் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது.

ஒரு காலையில் நான் படியிறங்கியபோது டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆவி பறந்தது. எதிர்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரைப் பற்றி ஏதோ கேட்க, இவர் நிதானமாகப் பதில் சொன்னார். கிளாஸ் இடது கையில் இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் வலது கைக்கு மாற்றினார். மாற்றிய உடனே, "ஸ்..." என்று கீழே வைத்துவிட்டார்.

அந்த வாரம் பச்சை அடித்தார். பாழுங்கிணற்றுத் தண்ணீரின் பச்சை. பிரைமரின் சாம்பல் நிறம் எந்தக் குறையையும் மறைத்து வைக்கும். பளபளப்பு ஏறினால்தான் தகடு உண்மையைச் சொல்லும். டாக்டர் வந்து, கைகளைத் தானாகவே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வண்டியைச் சுற்றி வந்தார். "கண்ணாடி, மாஸ்டர். கண்ணாடியேதான்." டிங்கர்காரர் பார்த்துக்கொண்டிருந்தது கதவில் விழுந்த ட்யூப்லைட்டின் பிம்பத்தை. அது நேராக வந்து, கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண் தூரம் புழுப் போல நெளிந்து, மறுபடி நேராகப் போனது.

"ஒரு வாரம் காயட்டும்" என்றார்.

டாக்டர் போனதும் கதவைத் தேய்க்க ஆரம்பித்தார். பச்சை போய், சாம்பல் போய், வெறும் தகடு வந்தது. தட்டினார். இழைத்தார். பிரைமர் அடித்தார். கண்ணை மூடித் தடவினார். கை எங்கும் தயங்கவில்லை. பச்சை அடித்தார். ட்யூப்லைட் அதே இடத்தில் நெளிந்தது. மறுபடியும் தேய்த்து எடுத்துப் பிரைமர் அடித்தார்.

மறுமுறை வந்த டாக்டர் சாம்பல் நிறக் கதவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "புரியுது மாஸ்டர். வண்டியைக் குடுக்க மனசு வரலை. பெத்தவன் பொண்ணை அனுப்பாத கதையா இருக்கு." தெருமுனை டீக்கடை அக்காவுக்கும் அதே எண்ணம். "அவருக்கும் வேற யாரு இருக்கா? வச்சுத் தடவிக்கிட்டு இருக்கட்டும், பாவம்."

அவர் யாருக்கும் மறுப்புச் சொல்லவில்லை. அப்படி நினைப்பதே நல்லது என்பதுபோல லேசாகத் தலையாட்டினார். "அடுத்த வாரம் கட்டாயம், டாக்டர்." அன்று பட்டறை மூலையில் நீளமான ஒரு பொட்டலம் சாய்ந்திருந்தது. அவர் குருடன் கோல் என்று சொல்லும் தேய்க்கிற கட்டை. கடைக் காகிதத்தைப் பிரிக்கவில்லை. வழக்கமாக ஒரு கார் போகும்போதே அடுத்தது வாசலில் நிற்கும். இந்த மாதம் வந்த இரண்டு பேரையும் வேறு பட்டறைக்கு அனுப்பிவிட்டார்.

நேற்றுச் சாயங்காலம் கீழேயிருந்து கூப்பிட்டார். "தம்பி, வேலையா இருக்கீங்களா?"

இத்தனை காலத்தில் அவர் என்னைக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. இறங்கிப் போனேன். கதவு மூன்றாம் தடவையாகப் பிரைமரில் இருந்தது.

"கையைக் கழுவிட்டு வாங்க. சோப்புப் போட்டு."

கழுவிக்கொண்டு வந்தேன். என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "எழுதுற கை. மெத்துனு இருக்கு. கண்ணை மூடுங்க." துணியைக் கதவில் விரித்து, அதன்மேல் என் கையை வைத்து, தன் இடது கையை என் புறங்கைமேல் வைத்துக்கொண்டார். அது குளிர்ந்திருந்தது. மெல்ல இழுத்தார். "அழுத்தாதீங்க. தூங்குற புள்ளையைத் தொடற மாதிரி. ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க. எனக்காகப் பொய் சொல்லாதீங்க."

முதலில் ஒன்றும் தெரியவில்லை. சொன்னேன். "அவசரமில்ல" என்றார். திரும்பக் கொண்டுபோனார். மூன்றாம் தடவை, கைப்பிடிக்குக் கீழே, தகடு என் உள்ளங்கையிலிருந்து துளி விலகி மறுபடி வந்து ஒட்டியது. மூச்சை இழுத்துவிட்டது போல.

"இருக்கு" என்றேன்.

அவர் கை என் கைமேல் அப்படியே நின்றது. கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் கண் மூடியிருந்தது.

"எங்க?"

"இங்கதான். என் கைக்குக் கீழ."

காதிலிருந்து சாக்பீஸை எடுத்தார். "அசையாதீங்க" என்று சொல்லி, என் விரல்களைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் போட்டார்.