முதலியார்பேட்டையில் மெதுவாகச் சுற்றிய இசைத்தட்டு

மருமக்களே, நீங்கள் ஒருவரும் நம்பப்போவதில்லை என்ற உறுதியை முதலிலேயே கொடுத்துவிட்டு இதைத் தொடங்குகிறேன். எண்பதுகளின் தொடக்கம். அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் சோல், ஃபங்க் இசையில் எவரும் அறியாத தட்டுகளைத் தேடுவதே என் அவதார நோக்கம் என்றிருந்த காலம். முதலியார்பேட்டையில் லூர்து என்ற மில் தொழிலாளியிடம் அப்படியொன்று இருப்பதாகச் செய்தி வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த அவருடைய மாமன் கொண்டுவந்ததாம். லூர்து பேண்டு செட்டில் டிரம் அடிப்பவர்.

விழுப்புரத்தில் காலை ஆறரை மணி பஸ், நாற்பது கிலோமீட்டர். மடியில் என் பேட்டரி ரெக்கார்டு பிளேயர். வழியில் நாலாயிரம் எருமைகள் மறித்தன. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைத்து விலக்கினேன். புதுச்சேரியில் இறங்கி ரிக்‌ஷா பிடித்தேன்.

“லூர்து வூடா? ராத்திரி தவறிட்டாருங்க. நாலு மணிக்கு எடுக்கறாங்க,” என்றார் ரிக்‌ஷாக்காரர். “பொட்டியில என்னா, பூவா?”

“பாட்டு.”

“சாவு வூட்டுக்குப் பாட்டு எடுத்துனு வர்ற மொத ஆளு நீங்கதான்.”

பந்தலில் டிரம்பெட் நாதன் உட்கார்ந்திருந்தார். லூர்தின் கூட்டாளி, செட்டுக்குத் தலைவர். வந்த காரணத்தைச் சொன்னதும் அவரே தட்டை எடுத்துவந்தார். நடுவே பெரிய ஓட்டை. அதில் மில்லின் நூல்கட்டையைச் சீவி அடைத்திருந்தார்கள். லூர்து வீட்டுப் பிளேயரில் வேகம் மாற்றும் குச்சி நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று என்ற மெதுவான வேகத்திலேயே இறுகிவிட்டதாம். பாடகர் குரல் கிணற்றடியில் காளை அழுவதுபோல் வந்ததாம். செட்டுக்காரர்கள் அதை அப்படியே கற்று, ஊரில் எல்லாரையும் அந்தப் பாட்டில்தான் அடக்கம் செய்துவந்தார்கள். தனக்கும் அதையே வாசிக்க வேண்டும் என்று லூர்து சொல்லியிருந்தார்.

“இது நாற்பத்தஞ்சுல சுத்த வேண்டியதுங்க. ஆடற பாட்டு,” என்றேன்.

“மெதுவா பேசுங்க முசே,” என்று பிரெஞ்சு மரியாதையோடு அடக்கினார் நாதன்.

ஆனால் லூர்தின் மனைவி மரி அம்மா காதில் விழுந்துவிட்டது. “போடுங்க,” என்றார்.

“வேணாம் அண்ணி. இத்தினி பேர ஆட்டம் போட்டா அனுப்பனோம்? வெளிய தெரிஞ்சா எந்த வூட்ல எங்கள கூப்புடுவாங்க?”

“அவரு கேக்காதத நான் கேட்டுடறேன். அப்பறம் எத வாசிக்கறதுன்னு சொல்றேன்.”

என் பிளேயரில் நாற்பத்தைந்தில் போட்டேன். கிட்டார் வெட்ட, ஊதுகுழல்கள் பாய, டிரம் துள்ளியது. கடல் எழுந்து தெருமுனை வரை வந்து காதைக் கொடுத்தது. ஒப்பாரி நின்றது. பாட்டு முடிந்தது.

“அப்ப நாங்க வாசிச்சது தப்பு,” என்றார் நாதன், தலை நிமிராமல்.

மரி அம்மா கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்தபடியே சொன்னார்: “தப்பு இல்ல தம்பி. என் மாமியார இதுலதான அனுப்பனீங்க? அவரு அன்னிக்கு அழுதுனே அடிச்சாரு. அதையே வாசிங்க. வேகம் ஏத்தாதீங்க. ஏற்கெனவே அவசரமா போயிட்டாரு.”

நாலு மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. நாதன் பழைய வேகத்திலேயே ஊதினார். லூர்தின் டிரம்மை ஒருவர் தோளில் மாட்டி நடந்தார், அடிக்கவில்லை.

இப்படித் தட்டு தேடிப் போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், பகலில் வெயில் மண்டையைப் பிளக்கும். தட்டின் ஓட்டையை அடைக்க நடுக்கட்டை ஒன்று கையோடு இருக்கட்டும். தட்டு என்ன விலை என்று கேட்குமுன், அதை யார் எதற்கு வாசித்தார்கள் என்று கேளுங்கள். நான் தட்டைக் கேட்கவேயில்லை. வெறுங்கையோடு கடைசி பஸ் பிடித்தேன்.

எருமைகளும் கடலும் என் கைச்சரக்கு. மீதியையும் புளுகு என்றே வைத்துக்கொள்ளுங்கள், வருத்தமில்லை. ஒன்று மட்டும் நடந்தது. கல்லறைத் தோட்டத்தில் அந்த மெதுவான பாட்டுக்கு நடுவே, மரி அம்மாவின் செருப்பில்லாத வலது கால் வேகமான தாளத்தில் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தது.