பூந்தமல்லியில் கொதித்த கார்

அத்தை மஸ்கட்டுக்குக் கிளம்பிய அன்று எங்கள் கார் பூந்தமல்லியில் கொதித்து நின்றது.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்விட, அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பியதிலிருந்து நர்ஸ் படிப்பு முடிக்கவைத்தது வரை எல்லாம் அப்பாதான். பட்டாபிராமில் எங்களோடுதான் இருந்தாள். மஸ்கட் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்த சேதி வந்ததும் அம்மா ஊறுகாய் போட ஆரம்பித்தாள். அப்பா நல்லதென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்.

பழைய சின்ன கார் அது. அப்பாவுக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் சட்டையைக்கூட மாற்றாமல் பானெட்டைத் திறந்துவிடுவார். ஒரு நட்டு தளர்ந்திருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர், வாட்டர் பம்ப் ஒழுக ஆரம்பித்த பிறகும் சும்மா இருந்தார். இஞ்சினுக்குள் தண்ணீரை ஓடவிட்டுச் சூட்டைத் தணிப்பது அந்தப் பம்ப்தான். காலையில் காருக்கு அடியில் தரை ஈரமாக இருக்கும். அப்பா ரேடியேட்டரில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றி மூடுவார்.

"ஏர்போர்ட்டு வரைக்கும் போவணும். அத மாத்திடுங்களேன்" என்று அம்மா நச்சரித்தாள்.

"பாத்துக்கலாம்" என்றார்.

மத்தியானம் கிளம்பினோம். விமானம் சாயங்காலம். ஆவடி தாண்டுவதற்குள் முன்பக்கம் கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்டது. சூடு காட்டும் முள் ஏறியது. அப்பா ஓரங்கட்டினார், இறங்கினார், தண்ணீர் ஊற்றினார், ஏறினார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் அதே கதை. அம்மா ஜெபமாலையை எடுத்துவிட்டாள். அத்தை பாஸ்போர்ட் பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். எனக்கு மட்டும் சந்தோஷம். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் இறங்கி ஓடலாமே.

பூந்தமல்லி கடைத்தெருவில் பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி பீறிட்டது. நாலு பேர் சேர்ந்து தள்ளி, பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் விட்டார்கள். மெக்கானிக் பாய் ஈரச்சாக்கைப் போட்டு ஆறவிட்டு, ஃபேனுக்குப் பின்னாலிருந்த பம்ப்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது விழப்போகிற பல் மாதிரி ஆடியது.

"பம்பு பூட்ச்சு சார். இன்னா ஊத்துனாலும் தண்ணி நிக்காது. புச்சு வாங்கணும்னா மவுண்ட் ரோட்டுக்குத்தான் ஆள் அனுப்பணும். இன்னிக்கி ஆவாது."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். வேறு வழி இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. அம்மாதான் ஓடிப்போய் ஓர் ஆட்டோவைக் கூட்டிவந்தாள். டிக்கியைத் திறந்து அத்தையின் பெட்டிகளை இறக்கினார்கள். காலியான டிக்கிக்குள் நான் தலையை நுழைத்தேன். ஸ்டெப்னிக்குப் பின்னால், துணி சுற்றி ஒரு அட்டைப்பெட்டி. மேலே படம் போட்டிருந்தது. பாய் ஆட்டிப் பார்த்த அதே சாமான்.

"அப்பா! புதுப் பம்பு இங்கதாம்ப்பா கீது!"

என்னைத் தூக்கிக் கொஞ்சுவார்கள் என்று நினைத்தேன். பாய் பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார், பிரிக்கவேயில்ல! இத்த வெச்சுகினா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

அப்பா தரையைப் பார்த்தார். அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆட்டோக்காரரிடம் போய், "நீங்க போங்கண்ணே" என்றாள்.

"பிளேன் பூடும்டி!" என்று அம்மா கத்தினாள்.

"எங்கண்ணன் வண்டியிலதான் போவேன் அண்ணி. பாய், மாட்டுங்க."

அத்தை அப்பாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் கேட்டது.

"போவாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அண்ணா?"

"சொன்னா நின்னுடுவியேம்மா."

அதற்குப் பிறகு அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் கையை மடித்துவிட்டு, பாயோடு சேர்ந்து இஞ்சினுக்குள் குனிந்தார். பெல்ட்டைக் கழற்றினார். ஒட்டிக்கிடந்த பழைய கேஸ்கட் அட்டையைச் சுரண்டினார். சூடு ஆறாத இரும்பில் முழங்கை பட்டுத் தோல் உரிந்தது, கவனிக்கவில்லை. "சீக்கிரம் பாய், சீக்கிரம்" என்று அவசரப்படுத்தியவரும் அவர்தான். பாய் சிரித்தார். "இரு நைனா, போல்ட்டு ஒடிஞ்சுக்கினா ரெண்டு பேரும் இங்கியே குந்திகினு இருக்க வேண்டிதான்."

தண்ணீர் நிரப்பிக் கிளப்பியபோது ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. மீனம்பாக்கம் வரை அப்பா ஓட்டிய வேகத்தில் அதற்கு முன்பும் பின்பும் அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. அத்தை அப்பாவின் தோளில் ஒருமுறை முகத்தை வைத்துவிட்டு, பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் முதுகில், வெளிர்மஞ்சள் சேலையில், அப்பாவின் ஐந்து விரலும் கிரீஸாகப் பதிந்திருந்தன. அம்மா கூப்பிட்டுச் சொல்லப்போனாள். அப்பா தடுத்துவிட்டார்.

அடுத்த சில மாதங்கள் எனக்கு ஒரே பெருமை. நான் மட்டும் பம்ப்பைக் கண்டுபிடிக்காவிட்டால் அத்தை போயே இருக்க மாட்டாள் என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, ஒவ்வொரு முறையும் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். பம்ப் வாங்கி வைத்ததையே மறந்துவிட்டதில் அவருக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.